பறிமுதல் காத்த படம்: ‘மார்த்தாண்ட வர்மா’வும் தென் திருவிதாங்கூரின் மௌனத் திரையும்

1933ஆம் ஆண்டு திருவனந்தபுரம் காபிட்டல் திரையரங்கில் ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் மௌனப் படம் வெளியாயிற்று. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்தது; பி.வி. ராவ் இயக்கியது, சி.வி. ராமன் பிள்ளையின் புகழ்பெற்ற மலையாள நாவலைத் தழுவியது. வெளியான உடனேயே அது வழக்கில் சிக்கியது. திரையை விட்டு இறங்கிய படம் நாற்பதாண்டுக் காலம் பொதுமக்கள் கண்ணில் படவில்லை. 1974இல் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கைக்கு அது வந்தபோது, இருந்த இடம் ஒரு புத்தகப் பதிப்பகத்தின் கிடங்கு.

இந்தியாவில் ஏறத்தாழ 1,300 மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன என்பது பொதுவான கணக்கு. அவற்றுள் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ முதலாகத் தென்னகத்தில் தோன்றிய மௌனக் கதைப்படங்கள் அழிந்தன. காப்பகத்தில் தென்னகத்தின் சார்பில் நிற்பது ‘மார்த்தாண்ட வர்மா’. மக்களிடமிருந்து அதை அகற்றிய பறிமுதலே அதை அழிவிலிருந்தும் காத்தது. தென் திருவிதாங்கூரில் முளைவிட்டிருந்த திரைத்தொழிலை முடித்து வைத்ததில் அந்தப் பறிமுதலுக்கும் பங்குண்டு. இவ்விரண்டு விளைவுகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான் இந்த வழக்கின் பொருள் விளங்கும்.

கதை நிகழும் நிலத்தை முதலில் அறிய வேண்டும். திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் செல்லும் வழி குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நீள்கிறது. அவ்வழிக்குக் கிழக்கே, நெய்யாறு மலையிலிருந்து இறங்கிவரும் நிலப்பகுதியில் ஒற்றசேகரமங்கலமும் அதைச் சுற்றிய சிற்றூர்களும் உள்ளன. இன்று கேரளத்தின் எல்லைப்புற ஊர்களாகிய இவை அன்று எல்லைப்புறம் அல்ல. ஓர் அரசின் நடுப்பகுதி. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கிய ஊர்கள். வில்லுப்பாட்டும் கதகளியும் ஒரே மண்ணில் நடந்த ஊர்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலமே ஓர் அரசுரிமைப் போரின் களமாக இருந்தது. மன்னர் ராம வர்மா இறந்த பின் மருமக்கள் தாய முறைப்படி அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மா 1729இல் ஆட்சிக்கு வந்தார். மன்னரின் புதல்வர்களாகிய தம்பிமார் அதை ஏற்கவில்லை. எட்டுவீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட நாயர் பிரபுக்கள் தம்பிமார் பக்கம் நின்றனர். இளவரசராக இருந்த காலத்தில் மார்த்தாண்ட வர்மா ஊர் ஊராக ஒளிந்து திரிந்ததாக வழக்காறுகள் கூறுகின்றன. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் உள்ள அம்மச்சிப் பிலாவு என்னும் பலாமரத்தின் பொந்தில் அவர் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது அவற்றுள் பெயர் பெற்றது. பட்டுப்போன அந்த அடிமரம் இன்றும் காக்கப்படுகிறது.

வரலாறு இவ்வளவுதான். அதன் மேல் எழுந்த கதைகள் பல. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. நாஞ்சில் நாட்டிலும் அதை அடுத்த ஊர்களிலும் வழங்கும் ‘தம்பிமார் கதை’ என்னும் தமிழ்க் கதைப்பாடல் தோற்றவர்களின் பக்கம் நின்று இரங்குகிறது. அதன் நாயகர்கள் தம்பிமார். மார்த்தாண்ட வர்மா அவர்களைக் கொன்றவர். இளவரசரைக் காப்பாற்றியவர்கள் தம் முன்னோர் என்னும் மரபு இப்பகுதி நாடார் சமூகத்தில் உறுதியாக நிலவுகிறது. வென்றவரின் கதை, தோற்றவரின் கதை, வென்றவருக்கு உதவியும் ஏட்டில் இடம்பெறாதவரின் கதை என்று மூன்றும் ஒரே காலத்தில் வாய்மொழியில் உலவின. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வாய்மொழிக்கு உரிமையாளர் இல்லை.

1891இல் இந்நிலை மாறியது. 1858இல் பிறந்த சி.வி. ராமன் பிள்ளை தம் முதல் நாவலான ‘மார்த்தாண்ட வர்மா’வைச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்டார். மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல் அது. வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’வை முன்மாதிரியாகக் கொண்டு எழுதப்பட்டது என்பதைத் திறனாய்வாளர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஸ்காட்டின் நாயகன் மாறுவேடத்தில் தன் நாட்டுக்குத் திரும்புகிறான்; அவன் உள்ளம் ரொவீனாவிடம் இருக்க, அவனுக்கு மருத்துவம் பார்க்கும் யூதப் பெண் ரெபெக்கா கைகூடாக் காதலோடு விலகுகிறாள். சி.வி.யின் அனந்தபத்மநாபன் பஞ்சவன் காட்டில் வெட்டுண்டு கிடக்கிறான். பட்டாணிய வணிகர் அவனைக் காப்பாற்றுகின்றனர். அக்குடும்பத்துப் பெண் சுலைகா அவனை விரும்புகிறாள். அவனோ செம்பகச்சேரி வீட்டுப் பாருக்குட்டிக்கு உரியவன். அவன் இறந்தான் என்று ஊர் நம்புகிறது. பாருக்குட்டி நம்ப மறுத்துக் காத்திருக்கிறாள். சூழ்ச்சியின் நடுவே துணிந்து நிற்கும் சுபத்திரை இறுதியில் தன் தாய்மாமனின் வாளுக்குப் பலியாகிறாள்.

மேனாட்டு வீரக் காதல் நாவலின் எலும்புக்கூட்டில் வேணாட்டின் சதை பொருந்தியது இவ்வாறு. அத்துடன் வாய்மொழி மரபு ஒன்று வேறு உருவமும் கொண்டது. இளவரசருக்கு உதவும் ‘பிராந்தன் சான்னான்’ நாவலில் உண்மையான சான்னான் அல்லன். மாறுவேடம் பூண்ட அனந்தபத்மநாபன். ஒரு சமூகம் தன் முன்னோரின் செயலாக நினைவில் வைத்திருந்த ஒன்று, பிரபு குலத்து நாயகன் ஒருவனின் வேடமாக அச்சேறியது. அச்சேறிய கதை பள்ளிக்கும் வாசகசாலைக்கும் சென்று, நாளடைவில் வரலாறு என்றே பலரால் கொள்ளப்பட்டது. 1922இல் சி.வி. மறைந்த போது அந்நாவல் மலையாள வாசகரின் பொதுச்சொத்துப் போல் ஆகியிருந்தது. சட்டத்தின் பார்வையில் அது பொதுச்சொத்து அன்று. அதன் பதிப்புரிமை திருவனந்தபுரம் கமலாலயா புத்தக டிப்போவிடம் இருந்தது.

திரைப்படத்தின் பக்கம் வருவோம். மலையாளத்தின் முதல் கதைப்படமான ‘விகதகுமாரன்’ ஒரு தென் திருவிதாங்கூர்த் தமிழரின் முயற்சி. அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் தம் நிலங்களை விற்றுத் திருவனந்தபுரம் பட்டத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்னும் படப்பிடிப்பு நிலையத்தை அமைத்தார். எழுதியவர், இயக்கியவர், நடித்தவர் எல்லாம் அவரே. நாயகியாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண். ஒரு தலித் பெண் நாயர் குலப் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறாத கூட்டம் காபிட்டல் திரையரங்கில் கல்லெறிந்தது. ரோசி ஊரை விட்டே ஓட நேர்ந்தது. டேனியல் கடனாளியானார்.

சுந்தர்ராஜ் டேனியலின் உறவினர். உறவினரின் வீழ்ச்சியைக் கண்ட பின்னும் அவர் படத்தொழிலில் இறங்கியது வியப்புக்குரியது. அவர் தேர்ந்த கதையில் வணிக அறிவு தெரிகிறது. டேனியல் எடுத்தது யாரும் அறியாத புதுக்கதை. சுந்தர்ராஜ் எடுத்ததோ வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. மௌனப் படத்துக்கு இது மிக முக்கியம். பேச்சில்லாத திரையில் இத்தனை பாத்திரங்கள், மாறுவேடங்கள், சூழ்ச்சிகள் கொண்ட கதையைச் சொல்வது எளிதன்று. பார்வையாளர் கதையை முன்பே அறிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. குதிரை, வாள், காடு, துரத்தல், பிரிந்த காதலர் கூடுதல் என எல்லாமே கண்ணுக்குரியவை. ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ 1913 என்னும் ஒரே ஆண்டில் இருமுறை மௌனப் படமானதும் இக்காரணத்தால்தான். வீரக் காதல் நாவலும் மௌனத் திரையும் ஒன்றையொன்று தேடிச் சென்றவை.

சுந்தர்ராஜின் ஸ்ரீ ராஜேசுவரி ஃபிலிம்ஸ் நிறுவனம் நாகர்கோவிலைச் சேர்ந்தது. ஜெயதேவ், ஏ.வி.பி. மேனன், பத்மினி, தேவகி ஆகியோர் நடித்தனர். எழுத்து அட்டைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அமைந்தன. அவற்றுள் சில நாவலின் வாசகங்களையே எடுத்தாண்டன. அன்றைய திருவிதாங்கூர் மன்னரின் பவனியைக் காட்டும் செய்திப்படக் காட்சியும் படத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. மார்த்தாண்ட வர்மாவின் கதையை ஆளும் மன்னரோடு இணைக்கும் உத்தி அது. படம் வெளிவந்த காலத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். ‘ஆலம் ஆரா’வும் ‘காளிதா’ஸும் 1931இலேயே திரையைப் பேச வைத்துவிட்டன. பேசும் படங்களின் நடுவே வந்த கடைசி மௌனப் படங்களுள் ஒன்றாக ‘மார்த்தாண்ட வர்மா’ தோன்றியது.

சுந்தர்ராஜ் பதிப்பாளரிடம் படமாக்கும் உரிமையைப் பெறவில்லை. கமலாலயா வழக்குத் தொடர்ந்தது, வென்றது. படம் நிறுத்தப்பட்டது, பிரதி கைப்பற்றப்பட்டுப் பதிப்பகத்தின் வசமாயிற்று. இந்திய இலக்கியமும் திரைப்படமும் நீதிமன்றத்தில் மோதிய முதல் பதிப்புரிமை வழக்கு என்று இது சுட்டப்படுகிறது.

உலக அளவில் இது முதல் மோதல் அன்று. அமெரிக்காவில் லூ வாலஸின் ‘பென்ஹர்’ நாவலைக் கேலம் நிறுவனம் 1907இல் அனுமதியின்றிக் குறும்படமாக்கியது. பதிப்பாளர் ஹார்ப்பர் சகோதரர்கள் வழக்கிட்டனர். படம் என்பது எழுத்தின் நகல் ஆகுமா என்பதே கேள்வி. 1911இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆம் என்றது. சொல்லின்றி அசைவால் கதை சொன்னாலும் அது அக்கதையின் நாடகமாக்கமே என்பது தீர்ப்பின் சாரம். அதே 1911இல் பிரிட்டன் இயற்றிய பதிப்புரிமைச் சட்டமும் ஒரு நூலைத் திரைப்படமாக்கும் உரிமையை நூலாசிரியரின் உரிமைகளுள் வெளிப்படையாகச் சேர்த்தது. ஜெர்மனியில் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வை உரிமை பெறாமல் தழுவிய ‘நோஸ்ஃபெராட்டு’ 1922இல் வெளிவந்தது. ஆசிரியரின் துணைவியார் வழக்கிட, பிரதிகளை அழிக்குமாறு 1925இல் தீர்ப்பானது. வெளிநாடுகளுக்குச் சென்றிருந்த பிரதிகளால்தான் அப்படம் பிழைத்தது. திருவனந்தபுரத்தில் நிகழ்ந்தது அழிப்பன்று, பூட்டு.

இவ்விடத்தில் ஒரு நுண்மையான வேறுபாடு உண்டு. மார்த்தாண்ட வர்மா என்னும் மன்னர் யாருடைய சொத்தும் அல்லர். தம்பிமாரும் பிள்ளைமாரும் வரலாற்று மாந்தர். பலாமரப் பொந்து ஊரார் வழக்கு. இவற்றை மட்டும் கொண்டு ஒருவர் படமெடுத்திருந்தால் எந்தப் பதிப்பாளரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் காத்திருக்கும் பாருக்குட்டி, பலியாகும் சுபத்திரை, விலகிச் செல்லும் சுலைகா ஆகியோர் சி.வி.யின் படைப்புகள். மக்கள் திரையரங்குக்கு வந்தது அவர்களுக்காகவே. வரலாறு பொது, காதல் தனியுடைமை. ‘தம்பிமார் கதை’யைப் பாடும் புலவருக்கு நேராத இடர் சுந்தர்ராஜுக்கு நேர்ந்தது இதனால்தான். ஒரு கதை ஊருக்குப் பழகிவிட்டது என்பதாலேயே ஊருக்கு உரியதாகிவிடுவதில்லை என்னும் அச்சுக் காலத்து விதியை அவர் மிகுந்த விலை கொடுத்துக் கற்றார்.

பதிப்பாளரைக் குறை கூறவும் இடமில்லை. எழுத்தால் வாழ்வது அரிதாக இருந்த காலத்தில் நூலின் உரிமையைப் பொருள் கொடுத்து வாங்கி, பதிப்புக்கு மேல் பதிப்பாக நூலை நிலைநிறுத்தியவர்கள் அவர்கள். திரைப்படம் எடுப்பவன் எழுத்தாளனிடமோ அவன் உரிமை பெற்றவனிடமோ கேட்க வேண்டும் என்னும் நெறி நிலைபெற்றது பின்வந்த எழுத்தாளர் எல்லாருக்கும் நன்மையே. தமிழ்த் திரைக்கு நாவல்களை அளித்தவர்களும் அந்நெறியின் நிழலில் நின்றவர்களே.

ஆயினும் இழப்பு பெரிது. டேனியலுக்குப் பின் சுந்தர்ராஜும் வீழ்ந்தார். தென் திருவிதாங்கூரில் சொந்தப் பணத்தைப் போட்டுப் படமெடுக்க முன்வந்தவர்களின் முதல் அலை இத்துடன் ஓய்ந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் வந்தபோது அதைத் தயாரித்தது சேலத்தில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ். மலையாள மண்ணில் படப்பிடிப்பு நிலையம் மீண்டும் எழ 1947 வரை, ஆலப்புழையில் உதயா தோன்றும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நெய்யாற்றின்கரைச் சாலையில் உள்ள நேமத்தில் பி. சுப்பிரமணியம் மெரிலாண்டைத் தொடங்கியது 1951இல். டேனியலின் நிலையத்துக்கும் அதற்கும் இடையே இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில் நேர்ந்தவற்றுள் கொடியது படச்சுருள்களின் அழிவு. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் வகை. எளிதில் தீப்பற்றும், வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பொடியாகும். ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பில்லை. சுருளில் படிந்திருக்கும் வெள்ளியை எடுப்பதற்காகவே பலர் அதைப் பழைய பொருள் விலைக்கு விற்றனர். இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வே இன்று இல்லை. ‘விகதகுமார’னின் சுருளைச் சிறுவயதில் விளையாட்டாகக் கொளுத்தியதாக டேனியலின் பிள்ளைகளுள் ஒருவரே பின்னாளில் கூறினார். படைத்தவரின் வீட்டில் இருந்த படம் எரிந்தது. எதிர்வழக்காடியவரின் கிடங்கில் இருந்த படம் பிழைத்தது.

காரணம் எளியது. தயாரிப்பாளருக்கு ஓடாத படம் சுமை. வழக்கில் வென்ற பதிப்பாளருக்கோ அது வென்றதன் அடையாளம். விட்டுவிடக் கூடாத பொருள். காட்டப்படாததால் சுருள் தேயவில்லை. விற்கப்படாததால் வெள்ளிக்காகக் கரைக்கப்படவில்லை. நாற்பதாண்டு கழித்து, ஆவணக் காப்பகத்தைக் கட்டியெழுப்பிய பி.கே. நாயர் அதைத் தேடிக் கண்டெடுத்தார். திருவனந்தபுரத்தில் படம் வெளியான அதே 1933இல் அதே நகரில் பிறந்தவர் அவர். மீட்கப்பட்டது முழுப் படம் அன்று. எனினும் கதையைத் தொடர்ந்து காணும் அளவுக்கு எஞ்சியிருந்தது.

படம் மீட்கப்பட்ட 1974இல் டேனியல் உயிரோடிருந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அகஸ்தீஸ்வரத்தில் மறைந்தார். அதற்குள் அவருடைய ஊர் மாநிலம் மாறியிருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்குத் தெற்கே கோடு விழுந்தது. மலையாளத்தின் முதல் படத்தை எடுத்தவருக்குக் கலைஞர் ஓய்வூதியம் கோரப்பட்டபோது, அவர் தமிழ்நாட்டில் வாழ்பவர் என்று கேரள அரசு மறுத்தது. அவர் பெயரால் கேரளம் விருது நிறுவியது 1992இல். தமிழ்நாடோ அவரையும் சுந்தர்ராஜையும் தன் திரைவரலாற்றில் மிக அரிதாகவே நினைத்தது. அவர்கள் எடுத்தவை மலையாளக் கதைகள் என்பது சொல்லப்படும் காரணம்.

அந்தக் காரணம் ‘மார்த்தாண்ட வர்மா’வுக்கு முழுமையாகப் பொருந்தாது. நாவலின் மொழி மலையாளம். தயாரிப்பு நிறுவனத்தின் ஊர் நாகர்கோவில். இளவரசர் தப்பிச் செல்லும் சாரோட்டுக் கொட்டாரம் இன்று தமிழ்நாட்டின் தக்கலைப் பகுதியில் உள்ளது. பலாமரம் கேரளத்தில் உள்ளது. எழுத்து அட்டைகளை நீக்கிவிட்டுப் பார்த்தால், நடிகர்களின் வாய் அசைவுக்கு மொழி இல்லை. எல்லைக்கோடு விழுவதற்கு முன் இருபக்கத்து மக்களும் சேர்ந்து வாழ்ந்த ஒரு நிலத்தின் கதை, பேசாத திரையில், எஞ்சியிருக்கும் ஒரே சான்றாக நிற்கிறது. ஒற்றசேகரமங்கலத்திலும் பாறசாலையிலும் இன்றும் இருமொழியில் வாழ்வோருக்கு அது இரவல் வரலாறு அன்று.

கமலாலயாவின் வழக்குக்குக் காரணமாக இருந்த உரிமை காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆயின. நாவல் இன்று யாரும் அச்சிடக்கூடிய பொதுச்சொத்து. படத்தைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதைத் தம்முடையது என்று கேட்கவும் இருபுறத்தும் போதிய குரல் எழவில்லை. நாகர்கோவிலிலும் நெய்யாற்றின்கரையிலும் ஒரே வாரத்தில் அதைத் திரையிட்டு, முன்னதாக ‘தம்பிமார் கதை’யை வில்லில் பாடச் செய்தால், தோற்றவரின் குரலையும் வென்றவரின் உருவத்தையும் ஒரே மேடையில் மக்கள் காண்பர். கிடங்கின் பூட்டு 1974இலேயே திறந்துவிட்டது. எஞ்சியிருப்பது பார்ப்பவர்களின் கடமை.